எங்களுக்குத் தண்ணி வந்தா சரி

போன மாதம் ஒரு மத்தியான வேளை செல்போன் அடித்தது. எடுத்தால் ஒரு பெண்குரல். ஆளில்லை, பதிவு செய்து வைத்த குரல். வரப்போகிற தேர்தலில் உங்கள் ஓட்டு யாருக்கு, இந்தக் கட்சிக்கு என்றால் ஒன்றை அழுத்துங்கள், அந்தக் கட்சிக்கு என்றால் இரண்டை அழுத்துங்கள், இல்லையென்றால் உங்கள் கருத்தைப் பேசுங்கள் என்று தேனாகக் கொட்டியது.

முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே எரிச்சல். ஜனங்கள் யாருக்கு ஓட்டுப் போடப் போகிறார்கள் என்பதைக் கேட்காமலேயே தெரிந்துகொண்டு வருவதற்குச் சர்க்காரிடம் சம்பளம் வாங்கினவன் நான். நேராகக் கேட்டால் எந்த மனுஷன் உண்மையைச் சொல்லுவான்? இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மெஷினை உட்கார வைத்து ஊரையே கூப்பிடுகிறார்கள். அந்தக் குரலுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது இருக்கட்டும். போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில், இப்போது எங்கள் பிரிவில் இருக்கிற பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு, "அந்தக் காலத்துல எப்படி சார் கண்டுபிடிச்சீங்க, கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார்கள். அவர்களுக்காக இது.

நான் போலீஸ் ஏட்டு. ஆனால் உத்தியோகத்தில் பெரும்பகுதி காக்கி உடுத்தியதில்லை. உளவுப் பிரிவில், வேட்டி சட்டையில், திருவண்ணாமலையில் திரிந்தேன். பயிற்சி எல்லாம் சொல்லும்படியாக இல்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினேன். சல்யூட் அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். எழுபதுகளின் நடுவில் இந்தப் பிரிவுக்கு மாற்றினபோது, "இனிமே எவனுக்கும் சல்யூட் அடிக்காத, மாட்டிப்பே" என்றார்கள். கற்றுக்கொண்டதை மறப்பதுதான் இரண்டாவது பயிற்சி.

எனக்கு மேலே இன்ஸ்பெக்டர் தேவசகாயம். ஒல்லியான மனுஷன், சத்தம் போட்டு யாரும் பார்த்ததில்லை. தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் மாடியறைதான் எங்கள் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் முழுக்க மலைதான் தெரியும். அதனாலேயே அவர் அதைச் சாத்தி வைத்திருப்பார். "அது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்குய்யா" என்பார். வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், மலையைக் கும்பிடுகிறவர் இல்லை. ஆனாலும் சொல்லுவார்.

எங்கள் வேலைமுறை இதுதான். டீக்கடை, சலூன், ரேஷன் வரிசை, ஆஸ்பத்திரி பெஞ்சு, எங்கே நான்கு பேர் பேசுகிறார்களோ அங்கே போய் நிற்க வேண்டும். கட்சி என்ற வார்த்தையை நாம் எடுக்கக் கூடாது. மழையைப் பேசலாம், விலைவாசியைப் பேசலாம், மாடு கன்று போட்டதைப் பேசலாம். அவர்களாக வருகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும். எதையும் குறித்துக்கொள்ளக் கூடாது. சைக்கிளில் திரும்பி வரும்போது கேட்டதை வாய்பாடு மாதிரி முணுமுணுத்துக்கொண்டே வருவேன்.

மாடியேறினால் தேவசகாயம் ஐயா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். "பேசு" என்பார்.

முதல் நாள் நான், "ஐயா, தேரடி வீதியில் பெரும்பாலானோர் பழைய கட்சிக்கு ஆதரவாக இருப்பதாகத் தெரிகிறது" என்று பேப்பர் படிக்கிற மாதிரி ஆரம்பித்தேன்.

"யோவ், உன் குரல் யாருக்குய்யா வேணும்? அவன் குரல்ல சொல்லு. எங்க இழுத்தான், எங்க முழுங்கினான், எல்லாம் வேணும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஊரில் உள்ளவர்கள் எல்லாம் என் வாய் வழியாக அந்த அறைக்குள் வந்து பேசினார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே மற்றவர்கள் மாதிரி பேசுகிற வரம் உண்டு. சொந்த அத்தையே ஏமாந்திருக்கிறாள். பூக்காரி, பஸ் கண்டக்டர், குருக்கள், மூட்டை தூக்குகிறவன் என்று ஒருவர் மாற்றி ஒருவராக நான் பேசப் பேச, இன்ஸ்பெக்டர் மூடிய கண்ணோடு, "இவன் இருக்கான்", "இவன் போயிட்டான்", "இவன் போய்க்கிட்டிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே வருவார். தேர்தல் முடிந்து பெட்டியைத் திறந்தால் அவர் சொன்னதுதான் இருக்கும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

எப்படி என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். காசிம் பாயை வைத்து விளக்கினார். காசிம் பாய் தகரப் பட்டறை வைத்திருந்தவர். வாளி, டிரம், புனல் எல்லாம் செய்வார். மூன்று தலைமுறையாக ஊரில் இருக்கிற குடும்பம், பழைய கட்சிக்கு உயிரைக் கொடுக்கிற ஆள். இரண்டு கட்சியின் பெயரையும் நான் எழுதமாட்டேன். ஒன்று பழையது, இன்னொன்று அதிலிருந்து பிரிந்து வந்த புதுசு. இந்த ஊரில் யாருக்கும் அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

பட்டறைத் தெருவில் இருந்தபோது காசிம் பாய் என்னிடம், "நம்ம கட்சி ஆளு நிக்கறாரு, இன்னா கவலை உனக்கு?" என்பார். அவருக்கு நான் விவசாய டிபார்ட்மென்டில் விதை குமாஸ்தா. பிற்பாடு வேங்கிக்கால் பக்கம் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு போனார். குடிபோன வருஷத்திலேயே, "எங்க கட்சியில இப்பல்லாம் பழைய ஆளுங்க கம்மி சார்" என்றார். அதற்கும் அடுத்த வருஷம், "அந்தக் கட்சியில யாரை நிறுத்தறாங்களாம்?" என்று என்னிடமே விசாரித்தார்.

"கேட்டியா?" என்றார் இன்ஸ்பெக்டர். "நம்மன்னா உன்னையும் சேர்த்துக்கிறான். எங்கன்னா உன்னை வெளியே நிறுத்திட்டு அவன் மட்டும் உள்ளே உக்காந்திருக்கான். அந்தன்னா அவனே எழுந்து வந்துட்டான். கொடியைப் பாக்காத, கூட்டத்தைப் பாக்காத. இந்த மூணு வார்த்தையைப் பாரு."

இதுதான் எங்கள் மொத்த வித்தையும். பிள்ளைகளே, உங்கள் மெஷினுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள், பார்க்கலாம்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் நானும் வேங்கிக்காலுக்குக் குடிபோனேன். ஊருக்குள் வாடகை ஜாஸ்தி. அப்போது கலெக்டர் ஆபீஸ் எல்லாம் அங்கே வரவில்லை, ஜில்லாவுக்குத் தலைநகரம் வேலூர்தான். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டிருந்த கொல்லையை மனை மனையாகப் பிரித்து, பூசாத செங்கல் சுவரோடு வரிசை வரிசையாக வீடுகள். அதைத்தான் காலனி என்போம். மழை பெய்தால் தரையில் இன்னும் மல்லாட்டை முளைக்கும். குடிவந்தவர்கள் பாதிப் பேர் சர்க்கார் உத்தியோகம். குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், தபாலாபீஸ்காரர்கள். மீதிப் பேர் அடி அண்ணாமலை பக்கம் நிலத்தை விற்றுவிட்டு வந்த குடும்பங்கள், காசிம் பாய் மாதிரி ஊருக்குள்ளிருந்து நகர்ந்தவர்கள்.

அங்கே கொடிக்கம்பம் கிடையாது. டீக்கடை கிடையாது. படிப்பகம் கிடையாது. ஊருக்குள் ஒருத்தன் கட்சி மாறினால் அவன் தெருவே கேட்கும், அப்பன் கேட்பான், மாமன் கேட்பான். இங்கே பக்கத்து வீட்டுக்காரன் அப்பன் யார் என்றே யாருக்கும் தெரியாது. கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் ஜனங்கள் எப்படி மாறுகிறார்கள் என்று நான் அங்கேதான் பார்த்தேன். சத்தமே இல்லாமல் மாறினார்கள்.

ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் குடிவந்த புதிதில் ஒரு தலைவர் படம் மாட்டியிருக்கும். ஊரிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்த படம். கொஞ்ச நாள் கழித்துப் போனால் படம் இருக்காது. படம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக, சதுரமாக இருக்கும். சில வீட்டில் அந்தச் சதுரத்தில் இன்னொரு தலைவர் வந்தார். சின்னப் படமாக இருந்தால் அதைச் சுற்றிப் பழைய வெளுப்பு ஓரம் கட்டினது மாதிரி தெரியும். பிறகு அவரும் போனார். எண்பதுகளின் நடுவில் நான் எந்த வீட்டுக்குள் போனாலும் அந்த வெள்ளைச் சதுரம்தான். வீட்டுக்காரர்கள் அதன் கீழே உட்கார்ந்து எனக்குக் காபி கொடுப்பார்கள். ஏனோ நான் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டேன்.

அந்தச் சமயத்தில் வேணி ஒன்று சொன்னாள். வேணி என் மனைவி. நான் போலீஸ் என்று அவளுக்குத் தெரியும், என்ன வேலை என்று சொன்னதில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணசருவேன். எழுந்தபோது அவள் சுவரோரம் ஒண்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏங்க, தூக்கத்துல காசிம் பாய் மாதிரியே பேசறீங்க. வூட்டுக்குள்ள அவரு வந்துட்டாருன்னு நெனச்சு முந்தானையை இழுத்து மூடினேன்."

"போடி, பைத்தியம்" என்றேன். அதோடு மறந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் பரந்தாமன் என்று ஒரு குமாஸ்தா. வாய் நிற்காது. ஆளுகிறது புதுக் கட்சி, அவர் சம்பளம் வாங்குவதும் அந்தச் சர்க்காரிடம். இருந்தும் குழாயடியில் நின்றுகொண்டு, "இவனுங்களை நம்பி ஓட்டுப் போட்டோம் பாரு, நம்ம புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்பார். ஒரு நாள் அவருக்கு மாற்றல் வந்தது. தெற்கே, எங்கோ கடலோரம். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, பிரம்புக் கட்டிலை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். ஏறும்போது யாரிடமும் பேசவில்லை. அவ்வளவு பேசின மனுஷன்.

அவர் பேச்சை நான் மாடியறையில் பேசிக் காட்டியிருந்தேன். பெயரைச் சொல்லவில்லை. நாங்கள் பெயர் கொடுக்கிற வழக்கமே அப்போது இல்லை. அந்த மாற்றல் என்னால் வந்ததில்லை என்று இன்றைக்கும் சொல்கிறேன். வேணி இன்றைக்கும் நம்புவதில்லை.

அதற்குப் பிறகு காலனியில் ஏதோ ஒன்று மாறிற்று. ஆள் வந்தால் பேச்சு நின்றுவிடும் என்பது எந்த உளவுக்காரனுக்கும் பழகினதுதான். இங்கே பேச்சு நிற்கவில்லை. நான் பக்கத்தில் போகும்போது நன்றாக நடந்துகொண்டிருக்கும். தண்ணீரைப் பற்றி நடந்துகொண்டிருக்கும். குழாயில் காற்று மட்டும் வருகிறது, குடம் பாதிதான் ரொம்பியது, இப்படி. எந்தக் கூட்டத்தை நெருங்கினாலும் தண்ணீர்தான். குழந்தைகள்கூடத் தண்ணீரைப் பேசின. நான் தாண்டிப் போனதும் முதுகுக்குப் பின்னால் வேறு எதுவோ கசகசவென்று கேட்கும். திரும்பினால், மறுபடி தண்ணீர்.

பொறுக்க முடியாமல் நானே நூலை விட்டுப் பார்த்தேன். "எலெக்‌ஷன் வருதே பாய்" என்றேன் காசிம் பாயிடம்.

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "யாரு வந்தா இன்னா சார், எங்களுக்குத் தண்ணி வந்தா சரி."

தபாலாபீஸ்காரரிடம் போனேன். அதே பெருமூச்சு. "யாரு வந்தா என்ன சார், எங்களுக்குத் தண்ணி வந்தா சரி." பால்காரம்மாவும் அதையே சொன்னாள். சரோஜா டீச்சரும் அதையே சொன்னாள். ‘சரி’யை ஒரே மாதிரி கொஞ்சம் மேலே தூக்கி விட்டார்கள் எல்லோரும்.

சரோஜா டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு முனை வீடு. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. புருஷன் முருகேசன் லாரி மோதி, மார்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்த படுக்கை. ஜன்னலோரக் கட்டிலில் தெருவைப் பார்த்துக்கொண்டு, தலைமாட்டில் ஒரு ரேடியோவோடு கிடப்பார். டீச்சர் மணியடித்தால் ஓடிவந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்துவிட்டு, மறுபடி பள்ளிக்கு ஓடுவாள். நாளுக்கு எத்தனையோ தரம். அந்தப் பள்ளிக்கூடம் எட்டுகிற தூரத்தில் இருந்ததால்தான் அந்த மனுஷன் முதுகில் புண் வராமல் உயிரோடு இருந்தார். அது தெருவுக்கே தெரியும்.

ஒரு நாள் மாடியறைக்குப் போனபோது இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைக் கழற்றவில்லை.

"மேலேருந்து உத்தரவுய்யா. இந்தத் தடவை பேர் வேணுமாம். சர்க்கார் சம்பளம் வாங்கிக்கிட்டு சர்க்காருக்கு எதிரா யார் யார் பேசறாங்கன்னு. உங்க காலனியில ஒரு டீச்சரம்மா பொம்பளைங்களைச் சேர்த்துக்கிட்டுப் பேசறான்னு மொட்டைக் கடுதாசி ஒண்ணு வந்திருக்கு. நெசமான்னு நீ சொல்லணும். நெசம்னா அவளுக்கு ராமநாதபுரமோ, இன்னும் அங்கிட்டோ."

காலனியில் பெண் டீச்சர் என்றால் சரோஜா ஒருத்திதான். "அங்க எவரும் எதுவும் பேசறதில்லீங்கய்யா" என்றேன்.

"எதுவுமா?" கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்தார். கண்ணை மூடினார். "பேசு."

காசிம் பாயாகப் பேசினேன். தபாலாபீஸ்காரராகப் பேசினேன். பால்காரம்மாவாக, பிறகு டீச்சராகப் பேசினேன். பேசப் பேச எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு குரல் இன்னொரு குரலோடு ஒட்டினதில்லை. இன்றைக்கு எல்லாம் ஒரே தொண்டையிலிருந்து வந்தன. மூச்சு ஒன்று, இழுப்பு ஒன்று. கடைசியில் அந்த அறையில் என்னையும் அவரையும் தவிர இன்னொருவர் இருப்பது போலவும், அவர்தான் பேசுவது போலவும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் கண்ணைத் திறந்தார். நான் பேசும்போது அவர் கண் திறந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எல்லாம் ஒரே ஆளுய்யா இது. கதை கட்டறியா?"

"அண்ணாமலையார் சத்தியமா இல்லீங்கய்யா. இப்படியேதான் சொல்றாங்க."

"மறுபடி சொல்லு."

சொன்னேன்.

"எங்களுக்குன்னா சொன்னாங்க? நமக்குன்னு ஒருத்தர்கூடச் சொல்லலையா?"

"இல்லீங்கய்யா."

"நீ எங்கய்யா குடியிருக்கே?"

"அங்கதாங்கய்யா."

"உன் வூட்டுக்கு எந்தக் குழாய்?"

"அதே குழாய்தாங்கய்யா."

மேஜையில் கையூன்றி என் பக்கம் குனிந்தார். "அப்ப உனக்குத் தண்ணி வேணாமா?"

படியிறங்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரே குழாயில் வரிசையில் குடம் வைக்கிறவனிடம், எந்தத் தமிழனும் எங்களுக்குத் தண்ணி வந்தா சரி என்று சொல்ல மாட்டான். நமக்கு என்றுதான் நாக்கு வரும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அப்படித்தான் வரும். அவர்கள் யோசித்து, மாற்றி, பழகிச் சொல்லியிருக்கிறார்கள். விதை குமாஸ்தா என்று நான் சொல்லித் திரிந்ததைக் காலனியில் ஒரு குஞ்சுகூட நம்பவில்லை. எத்தனை மாதமாக? நான் அவர்களைக் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்திருந்த நாளெல்லாம் அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நேரே வீட்டுக்குப் போனேன். உச்சி வெயில், தெருவில் ஈ காக்கை இல்லை. முனை திரும்பினேன். டீச்சர் வீட்டு ரேடியோ சத்தம் ஏறியது.

சைக்கிளை நிறுத்தினேன். திரும்பி முனைக்கு அந்தப் பக்கம் போனேன். சத்தம் இறங்கியது. மறுபடி திரும்பினேன். ஏறியது. உள்ளே தெருக்கோடியில் வாசலில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் சட்டென்று குடத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

ஜன்னலை எட்டிப் பார்த்தேன். முருகேசன் ரேடியோ திருகில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த உடம்பில் அசைவது முகமும் கையும்தான். "இன்னா சார், இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டீங்க?"

"என்ன முருகேசன், தண்ணி வருதா?" என்றேன். குரல் என்னுடையதாகவே இல்லை.

பெருமூச்சு விட்டார். "யாரு வந்தா இன்னா சார்..." என்று ஆரம்பித்தார். மீதியைக் கேட்காமல் சைக்கிளைத் தள்ளினேன்.

வீட்டில் வேணி முறத்தில் அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். என் தொழிலில் யாரிடமும் கேட்கக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்த கேள்வியை அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டேன்.

"வேணி, உன் ஓட்டு யாருக்கு?"

அவள் தலை நிமிரவில்லை. கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டாள். பெருமூச்சு விட்டாள்.

"யாரு வந்தா என்னங்க, எங்களுக்குத் தண்ணி வந்தா சரி."

அதே இழுப்பு. அதே ‘சரி’. மாடியறையில் கேட்ட அந்த ஒரே தொண்டை யாருடையது என்று அப்போதுதான் தெரிந்தது. இவளுடையது. எல்லோரும் இவள் குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊர்க் குரல்கள் அத்தனையும் என்னிடம் இருந்தன. என் வீட்டுக் குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"எங்களுக்குன்னா? நான் யாருடி?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை.

"அன்னைக்குப் பரந்தாமன் அண்ணன் உங்க வாயிலேர்ந்து பேசினாருங்க. இதோ, இந்தக் கட்டில்ல, நீங்க கண்ணை மூடிக்கிட்டு இருக்கறப்ப. செருப்பால அடிக்கணும்னு சொன்னாரே, அதை அப்படியே. ரெண்டு வாரத்துல அவருக்கு மாத்தல் வந்துச்சு."

"நான் பேரைக் குடுக்கலடி."

"குரலைக் குடுத்தீங்களே."

அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"அப்புறம் ஒரு நாளு சரோஜா டீச்சர் பேசினாங்க உங்க வாயில. ஒரு பொம்பளை குரலு, மீசை வெச்ச வாயிலேர்ந்து. நான் பயந்துபோயி எழுந்து குழாயடிக்கு ஓடிட்டேன். போயிச் சொல்லிட்டேன், என் வூட்டுக்காரரு முன்னாடி யாரும் எதுவும் பேசாதீங்க, இதை மட்டும் சொல்லுங்கன்னு. ஆமா, நான்தான் சொல்லிக் குடுத்தேன். அந்தப் பொம்பளையை மாத்திட்டாங்கன்னா முருகேசன் அண்ணனை யாரு பொரட்டிப் படுக்க வெப்பாங்க? நீங்களா? உங்க இன்ஸ்பெக்டரா?"

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம்தான் வந்தது. இவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், இவள் என் தூக்கத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அன்றோடு மத்தியானத்தில் படுப்பதை விட்டேன். இன்றைக்கும் படுப்பதில்லை.

மறுநாள் மாடியேறினேன். "டீச்சர் பேரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"டீச்சர் இல்லீங்கய்யா. வேற ஆளு."

"பேசு."

கண்ணை மூடிக்கொண்டார். நான் கீரை ஆய்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு, பெருமூச்சு விட்டு, அந்த வாக்கியத்தைச் சொன்னேன். வேணியின் குரலை நான் அதுவரை எடுத்ததில்லை. அச்சாக வந்தது.

"இதுதான்யா மூலம். யாரு இது?"

"என் சம்சாரங்கய்யா. பேர் எழுதணும்னா அவ பேரைத்தான் எழுதணும்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. பேசினபோது குரல் தணிந்திருந்தது.

"என் வூட்டுலயும் ஒரு மாசமா இதேதான்யா சொல்றா."

அவர் குவார்ட்டர்ஸ் ஊருக்கு அந்தக் கோடியில். காலனிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. குழாயே வேறு.

"நமக்குன்னாங்களா, எங்களுக்குன்னாங்களாய்யா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். பிறகு, "எழுதிக்கோ" என்றார். "மேற்படி காலனிவாசிகளுக்குக் குடிநீர்ப் பிரச்சினை தவிர வேறு அரசியல் நாட்டம் இருப்பதாகத் தெரியவில்லை. பெயர் குறிப்பிடும்படியாக எவரும் இல்லை."

அவ்வளவுதான். டீச்சருக்கு மாற்றல் வரவில்லை.

தேர்தல் நாளன்று காலனிக்காரர்கள் குளித்து முழுகி வரிசையில் நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை. பெட்டியைத் திறந்தபோது காலனி ஓட்டு மொத்தமாக, கத்தையாக அந்தப் பக்கம் புரண்டிருந்தது. எந்தப் பக்கம் என்பது இப்போது முக்கியமில்லை. அதற்கு அடுத்த தேர்தலில் இந்தப் பக்கம் புரண்டது. கொடி இறக்கவில்லை, கொடியே கிடையாதே. படம் மாற்றவில்லை, வெள்ளைச் சதுரம் அப்படியே இருந்தது. ஊருக்குள் எங்கள் கணிப்பு பிசகவில்லை. ஊர் வளர வளர, காலனிகள் பெருகப் பெருக, எங்கள் அறிக்கைகளில் "பிடிபடவில்லை" என்ற வார்த்தைதான் பெருகியது. தேவசகாயம் ஐயா ஓய்வு பெற்றுப் போகும்போது ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

முருகேசன் பிற்பாடு பல வருஷம் இருந்தார். டீச்சர் அதே பள்ளிக்கூடத்தில் ரிடையர் ஆனாள், அவர் முதுகில் கடைசிவரைக்கும் ஒரு புண் இல்லை. அவர் செத்த மறுவாரம் நான் தெருமுனை திரும்பினேன். ஜன்னல் சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ சத்தம் ஏறியது.

வேணி அதற்குப் பிறகும் எனக்குச் சோறு போட்டாள், காய்ச்சல் வந்தால் பத்துப் போட்டாள், திட்டினாள், சிரித்தாள். ஒரு குறையும் இல்லை. ஆனால் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது மட்டும், தண்ணி வந்துச்சு, தண்ணி வரல, அவ்வளவுதான். யாருக்கு என்று சொல்ல மாட்டாள். நான் ரிடையர் ஆகிப் பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகும் சொன்னதில்லை. இத்தனை வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்குக் காது கொடுத்துக்கொண்டே இருந்தேன். யாரிடம் சொல்லி அழுவது?

போன மாதம் அந்தப் பதிவுக் குரல் என் கருத்தைப் பேசச் சொல்லி ஒரு பீப் சத்தம் போட்டது. என்னையறியாமல் ஒரு பெருமூச்சு விட்டேன்.

"யாரு வந்தா என்னம்மா, எங்களுக்குத் தண்ணி வந்தா சரி."

போனை வைத்துவிட்டு, இது யாருடைய குரல் என்று வழக்கம்போல யோசித்துப் பார்த்தேன். காசிம் பாய் இல்லை. முருகேசன் இல்லை. வேணியும் இல்லை. யாரையும் நான் எடுக்கவில்லை, என் சொந்தத் தொண்டைதான்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, நமக்குத் தண்ணி வந்துடுச்சு. அந்தக் குடத்தை எடுத்துக்கிட்டு வாங்க."